தூக்கமும் ஓர் அமானிதமே



சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நம் டிரஸ்ட் சார்பில் கால்பந்துப் போட்டி நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். பகலில் வெயில் தாங்காது என்பதால் இஷாவுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டங்களை வைத்தோம். முதல் ஆட்டம் 9 மணிக்குத் தொடங்கும். கடைசி ஆட்டம் முடிய நள்ளிரவைத் தாண்டிவிடும். எட்டு நாளும் மைதானம் நிறைந்திருந்தது. எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் இரவு, பிளஸ் ஒன் முடித்த ஒரு பிள்ளை பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். யாரும் அவனை இடிக்கவில்லை. அப்படியே முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனை வராந்தாவில் அவனுடைய உம்மா என்னிடம் சொன்ன வார்த்தைகள் இன்றும் காதில் நிற்கின்றன: "கப் எந்த டீமுக்குன்னு எல்லாரும் பேசுனீங்க காக்கா. புள்ள ஒரு வாரமா மூணரை மணி நேரம், நாலு மணி நேரம்தான் தூங்குறான். அதை ஒருத்தரும் கேக்கலையே."

அந்த ஆட்ட அட்டவணையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆட்டம் முடிந்து வீடு போய், குளித்து, சாப்பிட்டு, அவன் படுக்க 1.30 ஆகிவிடும். சுப்ஹுக்கு 5 மணிக்கு எழுந்தால், 6.30-க்குச் சிறப்பு வகுப்பு. மாலையில் மறுபடியும் மைதானம். இந்தக் கணக்கை அட்டவணை போடும்போது நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அவன் காயத்துக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறவருக்கும் ஜவ்வு கிழிகிறது. ஆனாலும் அந்தத் தாயின் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பிறகு நான் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இம்மாதப் பாடமாக உங்கள் முன் வைக்கிறேன்.

தூங்கும்போது உடம்பு என்ன செய்கிறது?

கடையை அடைத்து விளக்கை அணைப்பதுபோல் தூக்கத்தை நாம் நினைக்கிறோம். உண்மையில், கடை அடைத்த பிறகுதானே சரக்கை அடுக்குவதும், கணக்கு எழுதுவதும், தரையைக் கழுவுவதும் நடக்கின்றன? தூக்கமும் அப்படித்தான்.

தூக்கத்தை வரவழைப்பவை இரண்டு. ஒன்று, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்னும் பொருள். அது சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கினால் குறையும். மற்றொன்று, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் இது ஓடுகிறது. இது உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இருட்டினால் மெலடோனின் சுரந்து "இரவு வந்துவிட்டது" என்று உடம்புக்குச் சொல்கிறது. இரவில் கண் முன்னே பிரகாசமான விளக்கும் செல்போனும் இருந்தால் அந்தச் செய்தி தாமதமாகிறது.

தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நாலைந்து சுற்றுகள் வரும். இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். பிள்ளைகள் வளர்வதற்கும், ஓடி ஆடிக் களைத்த தசை தேறுவதற்கும் அது வேண்டும். பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். பகலில் கற்ற பாடமும் பழகிய பயிற்சியும் மனத்தில் பதிவதற்கு இந்த இரண்டு வகைத் தூக்கமும் துணை செய்கின்றன. ஆகவே 10 மணிக்குப் படுக்க வேண்டியவன் 1.30-க்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால், வெறும் நேரம் மட்டும் குறைவதில்லை. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதியே அவனுக்குக் கிடைக்காமல் போகிறது.

எவ்வளவு தூங்க வேண்டும்? அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை இது: 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. நம் வீட்டுப் பிள்ளைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைதானத்தில் தூக்கம் என்ன செய்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து அணியினர் 11 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2011-ல் அதன் முடிவு வெளியானது. முதலில் சில வாரம் வழக்கம்போல் தூங்கச் சொன்னார்கள். பிறகு 5 முதல் 7 வாரம் வரை தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார்கள். ஓட்டப் பயிற்சியில் 16.2 விநாடி எடுத்தவர்கள் சராசரியாக 15.5 விநாடியில் ஓடி முடித்தார்கள். பந்தைக் கூடையில் போடும் குறி சுமார் 9 சதவீதம் கூடியது. பகலில் தூக்கக் கலக்கம் குறைந்து மனநிலையும் சீரானது. பதினோரு பேர் மட்டுமே என்பதும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணி இல்லை என்பதும் இந்த ஆய்வின் குறைகள். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவர்கள், புதிய பயிற்சியோ மருந்தோ இல்லாமல், கூடுதலாகத் தூங்கியே முன்னேறினார்கள்.

காயம் பற்றிய ஆய்வு நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்கள் 112 பேரின் தூக்கத்தையும் காயப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பிள்ளைகளுக்கு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிடக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. தூக்கம் குறைந்தால் கண் பார்ப்பதற்கும் கால் திரும்புவதற்கும் இடையிலுள்ள அந்தக் கண நேரம் நீளுகிறது. களைத்த தசை முந்தைய நாள் உளைச்சலிலிருந்து மீள்வதற்குள் மறுநாள் வேலை வந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

விளையாடாதவர்களுக்கு?

"நான் ஆறு மணி நேரம்தான் தூங்குகிறேன், எனக்கு அது பழகிவிட்டது" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் சொன்னவன்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஆரோக்கியமான 48 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஒன்று அல்லது இரண்டு இரவு அறவே தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. இதில் பயப்பட வேண்டிய செய்தி வேறு. தங்களுக்குத் தூக்கக் கலக்கம் பெரிதாக இல்லை என்றே அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்குப் பழகிவிட்டது என்று நாம் சொல்வது உண்மையில் பழகுவதில்லை. குறை நமக்குத் தெரியாமல் போவதுதான் நடக்கிறது. பைக் ஓட்டுகிறவர்களும், வேன் ஓட்டுகிறவர்களும், அடுப்படியில் கொதிக்கும் சட்டியோடு நிற்கிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நோய் எதிர்ப்பிலும் இப்படியே. 164 பேரின் தூக்கத்தைக் கைக்கருவி மூலம் அளந்து, பிறகு அவர்கள் மூக்கில் சளிக்கிருமியை விட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2015-ல் இது வெளியானது.

சர்க்கரை நோய் நம் மஹல்லாவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. நன்றாகத் தூங்கியதும் அது தேறியது. மாத்திரையும் நடைப்பயிற்சியும் எவ்வளவு முக்கியமோ, இரவுத் தூக்கமும் அவ்வளவு முக்கியம் என்று சர்க்கரை உள்ளவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் தெருவில் தூக்கம் எங்கே போகிறது?

ஊரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நம் வீட்டு நிலவரத்தை நாமே பார்ப்போம்.

முதலாவது, வெளிநாட்டு அழைப்பு. சவூதியில் இரவு 10 மணி என்றால் இங்கே 12.30. துபாயில் 10 என்றால் இங்கே 11.30. வாப்பா வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, போனை எடுக்கும் நேரம் அதுதான். வாப்பா முகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பாசத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நேரத்தை மாற்றலாம். இங்கே மாலை 4 மணி என்றால் சவூதியில் மதியம் 1.30. பல இடங்களில் சாப்பாட்டு இடைவேளை அதையொட்டித்தான் வருகிறது. வார நாளில் அப்போது பத்து நிமிடம் பிள்ளைகளோடு, விடுமுறையான வெள்ளிக்கிழமை நிதானமாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வாப்பாவும் கிடைப்பார், தூக்கமும் கிடைக்கும். இதை வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் சகோதரர்கள் தாங்களே முன்வந்து செய்தால் நல்லது.

இரண்டாவது, இரவுத் தேநீர். தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபின், அடினோசினின் வேலையை மறைத்துவிடுகிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்த தேநீரில் பாதிக் காஃபின் 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். அஸருக்குப் பின் குடிக்கும் தேநீரோடு அன்றைய தேநீரை முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, செல்போன். வெளிச்சம் ஒரு பக்கம். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனத்தை அது விழிக்கவைப்பது மறுபக்கம். இரவில் எல்லா போன்களும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். பெரியவர்களின் போன் முதலில் அங்கே போனால்தான் பிள்ளைகளின் போனும் போகும்.

நான்காவது, கல்யாண வீடும் தெருப் பேச்சும். வலீமா விருந்து இரவு 11-ஐத் தாண்டுகிறது. மறுநாள் பரீட்சை உள்ள பிள்ளையும் அங்கேதான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் உம்மாதான். பாத்திரம் கழுவி முடிக்க 11.30, டிபனுக்காக 4.30-க்கு எழுந்தாக வேண்டும். ஐந்து மணி நேரம்! மகனின் தூக்கத்தை எண்ணுகிற வீட்டில் உம்மாவின் தூக்கத்தை எண்ணுபவர் யார்? இரவுச் சாப்பாட்டை இஷாவை ஒட்டி எல்லோரும் ஒன்றாக முடித்துவிட்டு, தட்டைக் கழுவ வாப்பாவும் பிள்ளைகளும் கைகொடுத்தால் அவருக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும்.

நமக்குக் கிடைத்திருக்கும் அட்டவணை

யோசித்துப் பார்த்தால் தொழுகை நேரங்களே நமக்கு நல்ல கால அட்டவணை. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண் பேச்சு பேசுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நாம் மதரஸாவில் படித்ததுதான். இரவெல்லாம் நின்று வணங்கிய இளம் தோழர் ஒருவரிடம், உடம்புக்கும் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அவர்கள் உணர்த்தியதையும் அறிவோம். வணக்கத்துக்கே அளவு சொல்லப்பட்டிருக்க, கால்பந்துக்கு அளவு வேண்டாமா?

நம் ஊரில் இஷா ஜமாஅத் முடிய ஏறத்தாழ 8.15 ஆகிறது. சுப்ஹுக்கு 5 மணிக்கு எழுகிறோம். இடையில் எட்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது. 9 மணிக்குத் தூங்கும் 14 வயதுப் பிள்ளைக்கு 8 மணி நேரம் கிடைத்துவிடும். 9.30-க்குத் தூங்கும் பெரியவருக்கு ஏழரை மணி நேரம். சுப்ஹுக்குப் பின் வெளியே நடந்தால் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு உடம்பின் கடிகாரம் சரியாகும். அன்றிரவு தூக்கமும் நேரத்தோடு வரும்.

பருவ வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. "சோம்பேறி, எருமை மாதிரி தூங்குறான்" என்று திட்டுவதில் பயனில்லை. ஒரே நாளில் 12 மணியிலிருந்து 9 மணிக்குக் கொண்டுவரவும் முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

லுஹருக்கு அண்மையில் தூங்கும் கைலூலா என்னும் சிறு தூக்கத்துக்கும் ஆய்வின் ஆதரவு உண்டு. இரவில் 4 மணி நேரமே தூங்கிய பத்துப் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் தூங்கியதால் ஓட்ட வேகத்திலும் விழிப்பிலும் முன்னேறினார்கள் என்று 2007-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு காட்டுகிறது. ஆனால் 20, 30 நிமிடம் போதும். அஸர் வரை நீட்டினால் இரவுத் தூக்கம் கெடும்.

ரமளானில் தூக்கம் இயல்பாகவே குறையும். தராவீஹ் முடிந்து 10.30-க்குப் படுத்து 4 மணிக்கு ஸஹருக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. மதியம் சற்று நேரம் சேர்த்தால் சமாளிக்கலாம். தராவீஹிலிருந்து ஸஹர் வரை தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டுப் பகலெல்லாம் தூங்குவதுதான் சிக்கல். அப்படிச் செய்தால் நோன்பின் பகலும் கையில் இருக்காது.

மருத்துவரிடம் எப்போது?

பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவதும், எவ்வளவு தூங்கினாலும் பகலில் சொக்குவதும் இருந்தால் அது மூச்சுத் தடைக் கோளாறாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு, சிகிச்சையும் உண்டு. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தாலும் காட்ட வேண்டும். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டுத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் ஒரு பழைய நோட்டை எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் தூங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டையும் ஏழு நாள் எழுதுங்கள். உம்மாவின் பெயர் முதலில் இருக்கட்டும். வார நாளைவிட விடுமுறை நாளில் ஒரு பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால், அவன் வாரமெல்லாம் தூக்கக் கடனில் இருக்கிறான் என்று பொருள்.

எங்கள் பங்குக்கு, செயற்குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி டிரஸ்ட் நடத்தும் எந்தப் போட்டியும் இஷாவுக்குப் பின் இருக்காது. ஆட்டங்கள் அஸருக்குப் பின் மஃரிப் வரையும், ஞாயிறு காலை 6 மணி முதல் 8.30 வரையும் நடக்கும். எட்டு நாள் போட்டி மூன்று வாரம் இழுக்கும். கூட்டம் குறையும், நன்கொடை குறையும் என்று உறுப்பினர்கள் சிலர் மறுத்துப் பேசினார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. கடை வைத்திருப்பவர்கள் மாலையில் வந்து பார்க்க முடியாதுதான். ஆனால் பிள்ளைகளின் உடம்பை அடகு வைத்துக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை என்பதைப் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டார்கள். சிறு பிள்ளைகளின் காலை மதரஸாவை 6 மணியிலிருந்து 6.30-க்கு மாற்றலாமா என்பதை உஸ்தாதுமார்களோடு பேசிவருகிறோம். பெற்றோர் உங்கள் கருத்தை ஜும்ஆவுக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது மெதுவாக ஓடத் தொடங்கியிருக்கிறான். போன வாரம் சுப்ஹு முடிந்து பள்ளிவாசல் படியில் பார்த்தேன். "எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஒம்பதரைக்கு மாமா. உம்மா போனை வாங்கி வச்சிடுறாங்க" என்றான்.

நம் உடம்பும் நம் பிள்ளைகளின் உடம்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றுக்குரிய ஓய்வை உரிய நேரத்தில் கொடுக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்